பழியும் பொறுப்பும்: உடற்பருமன் சிகிச்சையில் வைத்தியர் கற்கவேண்டிய முதற்பாடம்

1

நோயுற்ற ஒருவரை அவரது நோயின் பொருட்டுப் பழிப்பது முறையாகுமா என வினவின், ஆகாது என்றே எவரும் விடையிறுப்பர். தொழுநோயாளரைப் பாவிகளெனக் கருதி ஒதுக்கிய காலமொன்று இருந்தது. அந்நோய்க்குக் காரணமான நுண்ணுயிர் கண்டறியப்பட்டு, மருந்தும் கிடைத்த பின்னர் அக்கருத்து மெல்ல மெல்ல வலுவிழந்தது. ஆயினும், நோயாளியைப் பழிக்கலாகாது என்னும் இப்பொது நெறிக்கு நாம் ஒரு விலக்கை இன்றுவரை பேணி வருகின்றோம். உடல் பருத்த ஒருவருக்கு "சாப்பாட்டைக் குறையுங்கோ" என்று புத்தி கூறும் உரிமை வீதியிற் செல்வோருக்கும் உண்டு என எண்ணுகின்றோம். அவ்வுரிமையை வைத்தியசாலைக்குள்ளும் கொண்டு செல்கின்றோம்.

என் பெரியம்மா முழங்கால் வலிக்காக அரசாங்க வைத்தியசாலையொன்றின் கிளினிக்கிற்குச் சென்றபோது நான் துணைக்குப் போயிருந்தேன். முதலில் அவரைத் தராசில் ஏற்றினர். அங்கு நின்றவர் நிறையை உரத்து வாசித்தார். வாங்குகளில் இருந்தோர் திரும்பிப் பார்த்தனர். வைத்தியர் கிளினிக் கொப்பியிலிருந்து தலை நிமிராமலே, "வாயைக் கட்டுங்கோ அம்மா, எல்லாம் சரிவரும்" என்றார். பெரியம்மா "ஓம் டொக்டர்" என்றார். வீடு திரும்பியதும் மதிய உணவை உண்ணாது படுத்துவிட்டார். அதன் பின்னர் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவர் கிளினிக்குப் பக்கமே செல்லவில்லை. அங்கு கிடைத்துவந்த குருதியமுக்க மாத்திரைகளும் அதனோடு நின்றுபோயின.

அவ்வைத்தியர் கொடியவரல்லர். அன்று காலை அவருக்காக நூற்றுக்கு மேற்பட்டோர் காத்திருந்தனர். தாம் கற்றதை அவர் சொன்னார். அவர் கற்றது யாது, கற்றிருக்க வேண்டியது யாது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. உடற்பருமனுக்குச் சிகிச்சையளிக்கும் அடிப்படைகளை வைத்தியருக்கும் தாதியருக்கும் கற்பிப்பது மருத்துவ பீடத்தின் அலுவல். கலைப்பீட மாணவனுக்கு இதில் என்ன வேலை எனக் கேட்கப்படலாம். அவ்வடிப்படைகளுள் முதலாவது பழியைப் பற்றியது என்பதே என் விடை. ஒருவரைப் பழித்தல் எப்பொழுது பொருந்தும் என்பதோ மெய்யியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்றாகும்.

2

தமிழிற் 'கொழுப்பு' என்னுஞ் சொல் உடலிற் சேரும் ஒரு பொருளையுங் குறிக்கும், அடங்காமையையுங் குறிக்கும். "அவனுக்குக் கொழுப்பு" என்று ஒருவர் கூறினால் அவர் பேசுவது நிறையைப் பற்றியன்று என்பதை நாமறிவோம். அதே வேளை, வயிறு பருத்தவரைச் செல்வரென மதித்ததும், மெலிந்து வந்த மருமகளைக் கண்டு "அங்கை சாப்பாடு தாறேல்லையோ" எனக் கேட்டதும் இதே சமூகந்தான். உணவு அரிதாயிருந்த காலத்திற் பருமன் மதிப்பைத் தந்தது. உணவு மலிந்த காலத்தில் இழிவைத் தருகின்றது. மதிப்பீடு தலைகீழாகியது. ஆனால் ஓர் உடலைக் கண்ட மாத்திரத்தே அதற்குரியவரின் குணத்தை அறிந்துவிடலாம் என்ற நம்பிக்கை மட்டும் மாறவில்லை.

இந்நம்பிக்கைக்கு அறிவார்ந்த ஆதரவும் உண்டு. அரிஸ்டோட்டில் தமது நிக்கோமாக்கிய அறவியலின் மூன்றாம் நூலில் இதனை நேரடியாகவே எடுத்துரைக்கின்றார். இயல்பிலேயே அழகற்றவரை எவரும் பழிப்பதில்லை; உடற்பயிற்சியும் பராமரிப்பும் இன்மையால் அந்நிலைக்கு வந்தவரையே பழிக்கின்றோம். பிறவியிலோ நோயாலோ பார்வை இழந்தவருக்கு இரங்குகின்றோம். குடியால் இழந்தவரைப் பழிக்கின்றோம். எம் ஆற்றலுக்கு உட்பட்ட உடற்குறைகளே பழிக்குரியன என்பது அவரது முடிபு. திருக்குறளின் மருந்து அதிகாரமும் அளவறிந்து உண்ணாதவனை நோய் நாடும் என்றே கூறுகின்றது. எனவே, "வாயைக் கட்டுங்கோ" என்ற வைத்தியர் நீண்டதொரு மரபின் குரலாகவே பேசினார் எனலாம்.

ஆயின் அரிஸ்டோட்டிலின் வாதம் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது. குறித்த நிலை எம் ஆற்றலுக்கு உட்பட்டதாயிருத்தல் வேண்டும் என்பதே அந்நிபந்தனை. செய்ய வேண்டும் என்று கூறுவது செய்ய முடியும் என்பதை உட்கொண்டது என்னும் காண்ட்டின் கருத்தும் இதனையே வலியுறுத்தும். உடற்பருமன் எவ்வளவுக்கு எம் ஆற்றலுக்கு உட்பட்டது என்பதோ சிந்தனையால் மட்டும் தீர்க்கத்தக்க வினாவன்று. இங்கு அறவியல் உடற்றொழிலியலிடம் கேட்டறிய வேண்டியுள்ளது.

3

1944ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்னும் ஆய்வாளர் 36 இளைஞர்களைக் கொண்டு ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். போரினால் பட்டினியுற்ற மக்களுக்கு மீண்டும் உணவூட்டும் முறையை அறிவதே அதன் நோக்கம். அவ்விளைஞர்கள் மனச்சாட்சியின் பொருட்டுப் போர்த்தொழிலை மறுத்தவர்கள். நாடு முழுவதும் போருக்கு எழுந்திருந்த வேளையில் அதற்கு எதிராய் நின்ற அவர்களை மனவுறுதி அற்றவர்களென எவருங் கூறமுடியாது. 24 வாரங்கள் அவர்களுக்குக் குறையுணவு அளிக்கப்பட்டது. அவர்களது எண்ணம் முழுவதையும் உணவு ஆட்கொண்டது. சமையல் நூல்களை வாசிக்கத் தொடங்கினர். சோர்வும் எரிச்சலும் மிகுந்தன. உடல் தன் சக்திச் செலவைச் சுருக்கிக்கொண்டது. கட்டுப்பாடு நீங்கியதும் பெருமளவில் உண்டனர். உடற்கொழுப்பு முன்னிருந்த அளவையும் விஞ்சியது.

உடல் தன் நிறையைக் காக்கும் இவ்வியல்பின் காரணங்கள் பின்னரே விளங்கின. 1994இல் நியூயோர்க்கின் றொக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி பிறீட்மன் குழுவினர் லெப்ரின் என்னும் ஓமோனைக் கண்டறிந்தனர். கொழுப்பிழையத்திற் சுரக்கும் இவ்வோமோன், சேமிப்பில் எவ்வளவு உண்டு என்பதை மூளைக்கு அறிவிக்கின்றது. நிறை குறைய இதுவும் குறைகின்றது. மூளை பசியைத் தூண்டுகின்றது. மெல்பேண் நகரில் நிகழ்ந்து 2011இல் வெளியான ஆய்வொன்றில், 10 வாரங்கள் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் நிறை குறைந்தவர்களின் பசியோமோன்கள் ஓராண்டின் பின்னரும் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. குறைந்த நிறையைப் பேணுவோர் மற்றவர்களைவிடக் கூடிய பசியோடு, மற்றவர்களைவிடக் குறைவாக உண்ண வேண்டியவர்களாகின்றனர். அதுவும் சில வாரங்களுக்கல்ல, ஆண்டுக்கணக்கில்.

இனி, மனிதருக்கிடையேயுள்ள வேறுபாட்டை நோக்குவோம். டென்மார்க்கில் தத்தெடுத்து வளர்க்கப்பட்ட 540 பேரை ஆராய்ந்து அல்பேட் ஸ்டங்கார்டும் பிறரும் 1986இல் வெளியிட்ட முடிவின்படி, அவர்களது பருமன் பெற்றவர்களின் பருமனோடு தொடர்புற்றிருந்தது. உணவூட்டி வளர்த்தவர்களின் பருமனோடு தொடர்புறவில்லை. அவ்வாறாயின் எல்லாம் பிறப்பிலேயே முடிந்துவிட்டதா? அதுவுமன்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2022இல் உலகில் எட்டுப் பேரில் ஒருவர் உடற்பருமன் உடையவராயிருந்தார். வளர்ந்தோரிடையே இவ்வீதம் 1990இலிருந்து இருமடங்குக்கு மேலாகியுள்ளது. ஒரு தலைமுறைக் காலத்தில் மனித குலத்தின் பரம்பரையலகுகள் மாறிவிடா. மனித குலம் முழுவதும் ஒரே காலத்தில் மனவுறுதியை இழந்துவிட்டது என்பதும் நம்பத்தக்கதன்று. மாறியது வாழ்க்கைச் சூழலேயாகும்.

அச்சூழலை அறிய நாம் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. கோதுமை மாவும் சீனியும் எண்ணெயும் மலிவானவை. மீனும் மரக்கறியும் பழமும் விலையுயர்ந்தவை. விடியற்காலை ரியூசனுக்குச் செல்லும் பிள்ளை மாலையிலும் ரியூசனிலேயே இருக்கின்றது. வேலைக்கும் அடுக்களைக்கும் இடையே ஓடும் தாய்க்கு உடற்பயிற்சி என்பது ஓய்வுள்ளோரின் சொல்லாகும். சீனி மிகுந்த மென்பானங்களுக்கு 2016இல் நிறக்குறியீடும், 2017இல் சீனியின் அளவுக்கேற்ற வரியும் நம் நாட்டில் விதிக்கப்பட்டன. குறை தனி மனிதரின் நாவில் மட்டும் இல்லை என்பதை அரசே ஏற்றுக்கொண்டமையை இது காட்டுகின்றது.

ஆக, அரிஸ்டோட்டிலின் நிபந்தனை இங்கு முழுமையாக நிறைவேறவில்லை. ஒரு வேளை உணவில் எதை உண்பது என்பது பெரும்பாலும் எம் ஆற்றலுக்கு உட்பட்டது. உடல் நிறை அவ்வாறானதன்று. முன்னையதற்குரிய தீர்ப்பைப் பின்னையதன் மேற் சுமத்துவதே நாம் இழைக்கும் தவறாகும்.

4

இத்தவறு பயிற்சியினால் திருத்தப்படுகின்றதா? அமெரிக்காவில் மருத்துவ மாணவருக்குப் போசணை பற்றிக் குறைந்தது 25 மணித்தியாலங்கள் கற்பிக்க வேண்டுமென 1985இல் அந்நாட்டு விஞ்ஞானக் கழகத்தின் குழுவொன்று விதந்துரைத்தது. கால் நூற்றாண்டின் பின், 2010இல் வெளியான கணக்கெடுப்பு, சராசரியாக 19.6 மணித்தியாலங்களே கற்பிக்கப்பட்டதைக் காட்டியது. நான்கிலொரு பங்கிற்குச் சற்று மேற்பட்ட கல்லூரிகளே அவ்வெல்லையை எட்டியிருந்தன. செல்வம் மிக்க நாட்டின் நிலை இதுவாகும். பல்லாண்டுப் படிப்பில் இத்துணைச் சிறிய இடமே பெறும் ஒரு விடயத்தை, மாணவர் எங்கிருந்து நிரப்பிக்கொள்வர்? வீட்டிலும் வீதியிலும் கேட்டவற்றிலிருந்தே நிரப்பிக்கொள்வர். ஆகவே வைத்தியரின் வாயில் வெளிப்படுவது பல வேளைகளில் வீதியின் தீர்ப்பே.

அடிப்படைப் பயிற்சியில் இடம்பெற வேண்டியவை பெருந் தொழினுட்பங்கள் அல்ல. அளத்தல் முதலாவது. உடற்றிணிவுச் சுட்டி என நாம் பயன்படுத்தும் அளவு, 19ஆம் நூற்றாண்டிற் பெல்ஜியத்தைச் சேர்ந்த கெற்றலே என்னும் புள்ளிவிபரவியலாளர் மக்கட்டொகையின் சராசரி மனிதனை ஆராய்கையில் உருவாக்கிய விகிதமாகும். தனி நோயாளி ஒருவரைத் தீர்ப்பிட அது ஆக்கப்பட்டதன்று. ஆசிய மக்களிடத்தே குறைந்த சுட்டியிலேயே நீரிழிவு முதலிய இடர்கள் தோன்றுவதால், 25, 30 என்னும் எல்லைகளோடு 23, 27.5 என்பனவும் கவனிக்கப்பட வேண்டுமென உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் எடுத்துரைத்தது. இலக்கத்தை மட்டும் கற்ற வைத்தியர் ஒருவரை அச்சுறுத்தியும் வேறொருவரைக் கவனியாதும் விடுவார். அளத்தலில் நேர்மையும் அடங்கும். பருத்த புயத்திற்குச் சிறிய பட்டையைச் சுற்றிக் குருதியமுக்கம் அளந்தால் உள்ளதைவிட உயர்ந்த அளவே காட்டும். தக்க பட்டையை வாங்கி வைப்பதும், தராசை மறைவான இடத்தில் வைப்பதும் சிகிச்சையின் பகுதிகளேயாகும்.

இரண்டாவது, காரணந் தேடல். கோட்டிசோன் வகை மருந்துகள், இன்சுலின், உளநோய்க்கான மருந்துகள் சில ஆகியன நிறையைக் கூட்டவல்லன. நோயாளியின் நிறைக்கு வைத்தியரின் துண்டும் ஒரு காரணமாயிருக்கலாம் என்பதை அறிந்த வைத்தியர் பழிக்குமுன் தயங்குவார். தூக்கம், தைரொயிட்டு, மனச்சோர்வு, வேலை நேரம் ஆகியவை பற்றிய வினாக்களும் இதில் அடங்கும். இதன் மறுபக்கமும் உண்டு. எல்லா முறைப்பாட்டிற்கும் நிறையே காரணம் எனக் கொள்பவர், நிறையோடு தொடர்பற்ற நோயைத் தவறவிடுவார்.

மூன்றாவது, இலக்கை உரிய அளவில் வைத்தல். அமெரிக்காவில் நிகழ்ந்து 2002இல் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நிறையில் 7 வீதத்தைக் குறைப்பதும் வாரத்திற்கு 150 நிமிட உடலுழைப்பும் இலக்காக வைக்கப்பட்டன. நீரிழிவு தோன்றுவது 58 வீதத்தாற் குறைந்தது. மெலிந்தவராகாமலே நலம் பெறலாம் என்பது இதன் பொருள். அண்மைக்கால மருந்தாகிய செமாகுளூரைட், 2021இல் வெளியான ஆய்வில் 68 வாரங்களில் ஏறத்தாழ 15 வீத நிறையைக் குறைத்தது. அதை நிறுத்தியோர் ஓராண்டுக்குள் இழந்ததில் மூன்றிலிரண்டு பங்கை மீளப் பெற்றனர். மாத்திரையை நிறுத்தியதும் குருதியமுக்கம் உயர்ந்தால் நோயாளியைக் கோழை என நாம் கூறுவதில்லை. நீடித்த நோயின் இயல்பு அது என்கின்றோம். நிறை மீண்டாலும் அவ்வாறே கூறவேண்டும்.

நான்காவதே முதலாவதுமாகும். கனடாவில் 2020இல் வெளியான வழிகாட்டல், சிகிச்சையின் முதற்படியாக, உடற்பருமனை நீடித்த நோயாக ஏற்பதையும், அதுபற்றிப் பேச நோயாளியிடம் அனுமதி கேட்பதையும் வைக்கின்றது. நிறையைப் பற்றிப் பேச அனுமதி கேட்பது மரியாதை பற்றிய சிறு விடயமெனத் தோன்றலாம். தம் உடலைப் பற்றிய பேச்சுக்கு அவ்வுடலுக்குரியவரே முதல் உரிமையாளர் என்னும் அறக்கோட்பாடு அதில் அடங்கியுள்ளது. மருந்து அதிகாரத்திற் சிகிச்சையின் நான்கு பகுதிகளுள் நோயுற்றவரே முதலில் எண்ணப்படுகின்றார். வைத்தியர் அவருக்கு அடுத்தே வருகின்றார் என்பதும் நோக்கத்தக்கது.

5

இவ்வாதத்திற்கு வலுவான மறுப்பொன்று உண்டு. "பழியை அகற்றினால் மனிதனையே அகற்றிவிடுகின்றீர்கள். எல்லாம் ஓமோன், எல்லாம் சூழல் என்றால் நோயாளி செய்ய எஞ்சியிருப்பது என்ன? தன் வாழ்வைத் தானே திருத்தவல்லவன் என்னும் மதிப்பையும் அவனிடமிருந்து பறிக்கின்றீர்களே!" இம்மறுப்பைப் புறந்தள்ளல் ஆகாது. ஆங்கில மெய்யியலாளர் பீற்றர் ஸ்ட்ரோசன் 1962இல் நிகழ்த்திய உரையில் இரு மனப்பாங்குகளைப் பிரித்துக் காட்டினார். ஒருவரோடு உறவாடுகையில் அவர்மேல் கோபமும் நன்றியும் கொள்கின்றோம். அவரை நிருவகிக்கவோ குணப்படுத்தவோ வேண்டிய பொருளாக நோக்குகையில் இவ்வுணர்வுகளை விலக்கிவிடுகின்றோம். இரண்டாவது பாங்கில் இரக்கம் இருக்கலாம், சமத்துவம் இராது. பழிக்கப்பட்டவர் கிளினிக்கிற்கு வராது விடுவார். பொருளாக நோக்கப்பட்டவர் வந்தும் வாய் திறவார்.

இவ்விரண்டிற்கும் இடையே வழியில்லை எனக் கருதுவதற்குக் காரணம், பழியையும் பொறுப்பையும் நாம் ஒன்றாகக் கொள்வதே. பழி கடந்ததை நோக்கும், அது தீர்ப்பு. பொறுப்பு வருவதை நோக்கும், அது செயல். மழைக்கு ஒழுகும் கூரை என் குற்றத்தாற் பழுதாகியிருக்க வேண்டியதில்லை. எனினும் அதை வேய்வதில் எனக்குப் பங்குண்டு, ஏணியைப் பிடிப்பதில் அயலவருக்கும் பங்குண்டு. நீரிழிவுள்ளவரிடம் நாம் எதிர்பார்ப்பது இத்தகைய பொறுப்பையே. நோய்க்காக அவரைக் குற்றஞ் சாட்டுவதில்லை, மருந்தையும் உணவையும் கவனிக்கும்படி கேட்கின்றோம், அவரும் கவனிக்கின்றார். எனவே பழியின்றிப் பொறுப்பு நிற்கும் என்பதற்கு நம் கிளினிக்குகளிலேயே சான்றுண்டு. உடற்பருமனுக்கும் அதே நீதியைத் தருக என்பதே என் வேண்டுகோள்.

பருத்த உடல்கள் அனைத்தையும் நோயுற்றவை எனக் கூறுவதும் வேறொரு தீர்ப்பாகிவிடாதா என்ற ஐயமும் எழலாம். 2025இல் லான்செற் ஆய்விதழ்க் குழுவின் ஆணையமொன்று, உறுப்புகளின் இயக்கத்தையோ அன்றாட வாழ்வையோ பாதித்துவிட்ட பருமனையும், பாதிக்காத பருமனையும் வேறுபடுத்தியமை இவ்வையத்தைப் பெரிதும் தணிக்கின்றது. உடலின் தோற்றத்தைக் கண்டு நோயென முடிவுசெய்வதும், குணமென முடிவுசெய்வதும் ஒரே அவசரத்தின் இரு வடிவங்களாகும்.

6

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே மாணவர்களுக்கு மருத்துவங் கற்பித்தார். பிற்காலத்தில் தமிழிலேயே கற்பித்தார். மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, அதற்கான கலைச்சொற்களையும் ஆக்கினார். கிராமத்து நோயாளியின் மொழியறிந்த வைத்தியர் கிராமத்திலேயே பணிபுரிவர் என அவர் கருதினார். கலைச்சொற்கள் அன்று வேண்டப்பட்டன. இன்று அவற்றோடு, பழி கலவாத பேச்சும் வேண்டப்படுகின்றது. 'கொழுப்பு' என்னுஞ் சொல் நம் செவியில் இரு பொருள் தரும் வரையில், அதை எங்கு, எவ்வாறு சொல்வது என்பதும் தமிழ் பேசும் வைத்தியருக்கும் தாதியருக்கும் பாடமாக வேண்டும். 2011 முதல் நாடெங்கும் நிறுவப்பட்ட ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் நிறையும் குருதியமுக்கமும் சீனியும் அளக்கப்படுகின்றன. அளந்தபின் கூறப்படும் முதல் வாக்கியமே அடுத்த வருகையைத் தீர்மானிக்கும். அவ்வாக்கியத்தைச் சொல்பவர் பெரும்பாலும் தாதியோ குடும்பநல உத்தியோகத்தரோ ஆவர். எனவே பயிற்சி மருத்துவ பீடத்தோடு நின்றுவிடலாகாது.

இறுதியாக, என் வாதத்தை என் மீதே திருப்பவேண்டியுள்ளது. பெரியம்மாவின் கிளினிக்கில் இருந்த வைத்தியர்மேல் நெடுநாள் எனக்குக் கோபமிருந்தது. நோயாளியின் நிறைக்கு உடலும் சூழலும் காரணமாவதுபோல, வைத்தியரின் அவ்வொரு வாக்கியத்திற்கும் குறைந்த பயிற்சியும் நீண்ட வரிசையும் காரணங்களல்லவா? முன்னவரைப் பழிக்கலாகாது எனில் பின்னவரையும் பழிக்கலாகாது. ஆனால் பொறுப்பு நீங்கிவிடாது. அது வைத்தியரிடத்தும் உண்டு. அவரைப் பயிற்றிய பீடங்களிடத்தும், ஒரு வைத்தியரின் முன் நூறு பேரை இருத்திவைக்கும் அமைப்பினிடத்தும், வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்த எங்களிடத்தும் உண்டு.

பெரியம்மா இப்பொழுது மீண்டும் கிளினிக்கிற்குச் செல்கின்றார். அவரை அழைத்துவந்தவர் எங்கள் பகுதிக்குப் புதிதாக வந்த தாதி ஒருவர். என்ன சொல்லி அழைத்தார் எனப் பெரியம்மாவிடம் கேட்டேன். "ஒண்டும் சொல்லேல்லை. முழங்கால் இப்ப எப்பிடி எண்டு கேட்டவ" என்றார். வலிக்காக வந்தவரிடம் வலியைப் பற்றிக் கேட்கும் அவ்வினாவை எந்தப் பாடத்திட்டத்திலும் சேர்ப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது.